தள்ளு மெக்கானிக்கின் வீல் ஸ்பேனர்

மாப்பிள்ளையின் ஜீப் கிளம்பவில்லை என்ற செய்தி வந்தபோது மெக்கானிக் ஒரு டிராக்டருக்கு அடியில் கிடந்தார். செய்தி கொண்டுவந்த தங்கையிடம், "இன்னொரு தடவை சொல்லும்மா, காதுல கிரீஸ்" என்றார். தங்கை சொன்னாள். காதில் கிரீஸ் ஒன்றும் இல்லை. இரண்டாம் முறை கேட்க இன்னும் இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

பதினோரு வருடமாக அவர் இதற்குத்தான் காத்திருந்தார்.

அந்த ஜீப்பே அவர் கையில் பிறந்ததுதான். கோழிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த ஒரு துருப்பிடித்த கூட்டை வாங்கி, கோழிகளைச் சமாதானம் பேசி வெளியேற்றி, ஒன்றரை வருடம் பாடுபட்டு, நாலு சக்கரமும் இழுக்கிற மலை வண்டியாக்கித் தங்கை கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்தார். மாப்பிள்ளையே ஓட்டினார். வண்டி நூறு அடி போனது, இரண்டு முறை தும்மியது, நின்றுவிட்டது. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை கோட்டைச் சரிசெய்துகொண்டு, "மச்சான் கை பட்ட வண்டி, இப்படித்தான் இருக்கும். தள்ளுங்க" என்றார்.

அன்றோடு மெக்கானிக்குக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் போயிற்று. 'தள்ளு' ஆனார். கடைத்தெருவில் சும்மா நின்றால்கூட யாராவது முதுகில் கைவைத்து நாலடி தள்ளிவிட்டுப் போவார்கள். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தவரை நர்ஸம்மா நாற்காலியோடு வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. அவர் மறுத்ததில்லை.

கல்யாணமான மூன்றாம் நாள் உண்மை தெரிந்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில், பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு இருந்தது. மாப்பிள்ளையின் புது ஷூ இடித்து அது மூடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கண்டுபிடித்தார், திருகைத் திறந்தார், வாயை மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்று பார்த்த தங்கை அண்ணனிடம் ஓடிவந்தாள்.

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிடவா அண்ணா?"

"நீ சொன்னா, அண்ணனுக்குப் பரிஞ்சு பேசுறான்னு சொல்வாங்க. அவர் வாயால வரணும்."

வரவில்லை. மாறாக, மாப்பிள்ளை பழைய ஜீப் சங்கத்துக்குத் தலைவரானார்.

ஜீப் கிளம்பாத அன்று காலை பத்து மணிக்குச் சங்கத்தின் மலை ஏற்றம். மெக்கானிக் போனபோது வாசலில் பன்னிரண்டு ஜீப்புகள் புகை கக்கிக்கொண்டு நின்றன. முன்னால் போகவேண்டிய தலைவர் வண்டி மட்டும் முற்றத்தில் செத்துக் கிடந்தது. ஒரு மெக்கானிக் பேட்டரியை மாற்றியிருந்தார். இன்னொருவர் செல்ஃப் மோட்டாரை மாற்றியிருந்தார். மூன்றாமவர் தலைவரையே மாற்றலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"வாங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை, விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு.

"என் கை படலாமா மாப்பிள்ளை?"

"பழசெல்லாம் எதுக்கு? நேரமாகுது."

தங்கை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. ஹாரன் அடிக்கச் சொன்னார், நன்றாக அடித்தது. முன்விளக்கு பளிச்சென்று எரிந்தது. சாவியைத் திருகினால் மட்டும் விளக்கு சோர்ந்து போனது. பானெட்டைத் திறந்து ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டார். டீ டம்ளர் மாதிரி சுட்டது. அவருக்குப் போதும்.

பேட்டரியிலிருந்து போகிற கரண்ட் வேலையை முடித்துக்கொண்டு வீடு திரும்ப ஒரு வழி வேண்டும். என்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல். ரப்பர் வழியாகப் போகாது. அதனால் என்ஜினையும் வண்டிச் சட்டத்தையும் இணைத்து ஒரு செம்புப் பட்டை போட்டிருப்பார்கள். அது அறுந்துவிட்டால் கரண்ட், கிடைத்த கேபிளில் எல்லாம் முட்டி மோதும். கேபிள் சுடும், வண்டி கிளம்பாது.

பானெட்டை மூடிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தார். பட்டை இரண்டு துண்டாகத் தொங்கியது. புதுப் பட்டை பையிலேயே இருந்தது. பத்து நிமிட வேலை. கையில் முழ நீள வீல் ஸ்பேனரும் இருந்தது. அதன் ஒரு முனையை என்ஜினிலும் மறு முனையைச் சட்டத்திலும் வைத்து அழுத்தினால் கரண்டுக்கு வழி கிடைக்கும். எடுத்தால் வழி போய்விடும். மெக்கானிக் சாக்கை இழுத்துத் தலைக்கு வைத்து வசதியாகப் படுத்தார்.

"மாப்பிள்ளை, பானெட் மேல கை வைங்க."

"எதுக்கு?"

"வண்டி எதையோ மனசுல வச்சிருக்கு. கல்யாணத்தன்னிக்கு ஏன் நின்னதுன்னு கேக்குது."

வாசலில் சிரித்தார்கள். "பழைய வண்டி, நின்னுச்சு" என்றார் மாப்பிள்ளை.

"ஒவ்வொரு பதிலுக்கும் சாவியைத் திருகும்மா."

டக்.

"பெட்ரோல் வரல, அதான்."

ஸ்பேனர் கண்ணிமைக்கும் நேரம் தொட்டது. என்ஜின் அரைச் சுற்று சுற்றி முனகியது. வாசலில் சிரிப்பு நின்றது.

"ஏன் வரலியாம்?"

"திருகு மூடியிருந்தது." இன்னொரு அரைச் சுற்று.

"யாரு மூடினது?"

"அது தெரியாது."

டக்.

"தலைவரே, வண்டி ஒத்துக்க மாட்டேங்குது" என்றார் வாசலில் ஒருவர்.

"என் கால் பட்டிருக்கலாம்."

டக்.

"'லாம்' வேண்டாமாம் மாப்பிள்ளை."

மாப்பிள்ளை பன்னிரண்டு ஜீப்பையும் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "என் கால்தான். மூணாம் நாளே தெரியும். சொல்லல. மச்சான் வேலையில ஒரு குத்தமும் கிடையாது."

மெக்கானிக் ஸ்பேனரை வைக்கப் போனார். அதற்குள் மேலே தங்கையின் குரல் கேட்டது. "ஏங்க, அப்படியே அந்த பீரோ சாவி? நாலு வருஷமா நான்தான் தொலைச்சேன்னு சொல்றீங்களே."

இதை மெக்கானிக் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் தங்கையாயிற்றே. காத்திருந்தார்.

டக்.

"அதுவும் நான்தான்" என்றார் மாப்பிள்ளை, ஈனசுரத்தில்.

ஸ்பேனர் அழுந்தியது, பொறி பறந்து மெக்கானிக்கின் புருவத்தில் பாதி போயிற்று. என்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பியது. வாசலில் கைதட்டினார்கள்.

என்ஜின் ஓடும்போதே அவர் துருவைச் சுரண்டி, புதுப் பட்டையைப் போட்டு, போல்ட்டை முறுக்கினார். இன்னும் இருபது வருடத்துக்கு அசையாது. அதைத் தங்கை காதில் மட்டும் சொன்னார்.

இப்போது கடைத்தெருவில் அவரை யாரும் தள்ளுவதில்லை. மாப்பிள்ளைக்குத்தான் 'திருகு' என்று பெயர் விழுந்திருக்கிறது. போகிற வருகிறவர்கள் அவர் சட்டைப் பொத்தானைத் திருகிவிட்டுப் போகிறார்கள். தினமும் காலையில் அவர் பானெட்டில் கை வைத்து, அக்கம்பக்கம் கேட்க, "என் கால்தான், மச்சான் மேல குத்தமில்ல, பீரோ சாவியும் நான்தான்" என்கிறார். அப்புறம்தான் சாவியைத் திருகுகிறார். வண்டி ஒரே தடவையில் கிளம்புகிறது.

ஒரு மாதம் கழித்துத் தங்கை வந்தாள். "பாவமா இருக்குண்ணா. பட்டை மாத்தியாச்சுன்னு சொல்லிடவா?"

மெக்கானிக் டிராக்டருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். புருவம் இன்னும் முளைக்கவில்லை.

"வேண்டாம்மா. நல்லா ஓடுற வண்டியில எதுக்குக் கை வைக்கணும்?"