மூடிப்பாறை

அன்று வெண்ணந்தூர் கிடங்கில் இருந்தவர்கள்: போர்வெல் ரிக் முதலாளி தங்கசாமி, பாறைகளைச் சோதிக்க வந்த பிரவீனா, துளை போடும் சின்னான், சாவி வைத்திருந்த நான். சின்னான் என் அக்கா வீட்டுக்காரர். கல்லூரியைப் பாதியில் விட்டு, மில்லில் இரவு ஷிப்ட்டையும் விட்ட எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவர்.

கிடங்கு முழுக்க மரப்பெட்டிகள். காவிரி டெல்டாவில் எங்கள் ரிக் ஆயிரத்து இருநூறு மீட்டர் துளைத்து உருவிய பாறைத் தண்டுகள், ஆழவாரியாக. அங்கே அடியில் மணற்கல், அதன் மேல் களிப்பாறை. ஆலைப் புகையில் பிடித்த கரியமில வாயுவை உள்ளே செலுத்தினால் மணற்கல் குடித்துக்கொள்ளும். களிப்பாறை மூடியாக நின்று அதை மேலே விடாது. விடுமா விடாதா என்பதுதான் பிரவீனாவின் சோதனை.

அவர் ஒரு துண்டை எடுத்து பிளாஸ்டிக் தாளில் சுற்றினார். "இதுதாங்க மூடி. இது தாங்குச்சுன்னா, அங்க வாயுவை எறக்கலாம்னு எழுதிக் குடுத்துருவேன்."

"நம்மூர்ல எங்க ஓட்டை போட்டாலும் கருங்கல்லு. தண்ணியே கெடைக்க மாட்டேங்குது. அங்க காத்தை அடைக்கறாங்களாமா அம்மணி!" என்று தங்கசாமி சிரித்தார்.

சின்னான் சிரிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும், போன வாரம் அவரே சொன்னார். கருங்கல் தண்டு வெளியே வந்ததும் ஹோஸைப் பிடித்துக் கழுவுவது எங்கள் ஆட்களின் பழக்கம். கழுவினால்தான் கல் பளிச்சென்று தெரியும். களிப்பாறையையும் அப்படியே கழுவிவிட்டார். மூடியில் இரண்டு முழம் சேறாகி ஓடிவிட்டது. பயந்துபோய் வேறு பெட்டியிலிருந்து அதே நிறத் துண்டை எடுத்து வைத்து, ஓடிப்போன துண்டின் ஆழத்தை அதன்மேல் பெயிண்டில் எழுதிவிட்டார். 'எல்லாஞ் சேறுதானே மாப்ள, யாருக்குத் தெரியப் போவுது?'

அவர் மாற்றி வைத்த அந்தத் துண்டைத்தான் பிரவீனா பையில் வைத்தார். அந்த மூடிக்கு மேலே வயல்களும் வீடுகளும் இருந்தன.

"அது அந்தத் துண்டு இல்லைங்க," என்றேன்.

"டேய்," என்றார் சின்னான்.

எல்லாவற்றையும் சொன்னேன். பிரவீனா தாளைப் பிரித்தார். "எந்தப் பெட்டில இருந்து எடுத்தீங்க?"

"ஞாபகம் இல்லீங்க அம்மணி."

"களிப்பாறையைப் போய்க் கழுவுவாங்களா?"

"கழுவாம எப்படீங்க பாக்கறது?"

"இன்னும் எத்தனை கழுவுனீங்க?"

சின்னான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டாவது கையில் நிறுத்திவிட்டார்.

பிரவீனா துண்டை அங்கேயே வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

வாசல் வரை வந்து கார் போவதைப் பார்த்த தங்கசாமி சத்தம் போடவில்லை. "உள்ள போ சின்னா. நானூறு பெட்டி. எது எங்க கெடந்துதுன்னு சொல்லிப்போட்டு வெளிய வா. அதுவரைக்கும் வேற ஆளு உள்ள போகக் கூடாது, நீயும் ஓடக் கூடாது."

சின்னான் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "உன்ற அக்காகிட்ட நீயே சொல்லிரு மாப்ள." உள்ளே போனார்.

"என்னடா பாக்கற? சாவி உங்கிட்டத்தான இருக்குது?" என்றார் தங்கசாமி.

இரும்புக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினேன்.