உப்புக்கு ஓர் அறை

கஸ்தூரிரங்கன் சைக்கிளை நிறுத்திவிட்டு ஆபீஸ் வராந்தாவைப் பார்த்தபோது, பசுமாடு ஒன்று கண்ணை மூடிக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தது. அது நக்கியது அவருடைய ஆறு வருஷத்தை. ராஜஸ்தான் பாலைவனத்தில் துளைபோட்டு, அறுநூறு மீட்டர் ஆழத்திலிருந்து அவர் எடுத்துவந்த உப்பு உருளைகள் அவை. மனிதன் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால் வற்றிப்போன கடலின் மிச்சம். அணு உலைக் கழிவை அந்த உப்புக்குள் புதைத்தால் பத்தாயிரம் வருஷம் பத்திரமாக இருக்கும் என்பது அவர் கட்சி. அதற்காக தில்லி பக்கமே வராமல் கிடந்ததில், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அவர் பெண் அவரைக் கண்டாலே "அங்கிள் ஆகயே", யாரோ மாமா வந்துட்டார், என்று இந்தியில் கத்திக்கொண்டு உள்ளே ஓடுவாள். கட்சி ஜெயிக்குமா என்று முடிவுசெய்யும் கமிட்டி அன்று காலை வருவதாக இருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷ மழைக்காலம். நான் அங்கே ஸ்டோர் குமாஸ்தா, பேர் ஜம்பு. நான் சொல்வதில் பாதி கலப்படம் என்று கரோல் பாக் முழுக்கப் பேச்சு. எந்தப் பாதி என்று நீங்களே பிரித்துக்கொள்ளலாம்.

உருளைகளை வைக்க ஈரம் புகாத அறை ஒன்று வேண்டுமென்று மே மாதத்திலிருந்தே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஆபீசில் அறை என்பது பதவியைப் பார்த்துக் கொடுப்பது. அதிகாரிக்கு ஜன்னல், பெரிய அதிகாரிக்கு ஜன்னலில் கூலர். நிர்வாகத்தைப் பார்த்த சேஷன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "உப்பு எந்த கிரேடு, ஸ்வாமி?" காலியாக இருந்த ஒரே அறையில் பழைய பைல்களை அடுக்கினார்கள். நனைந்தால் வீணாகிவிடுமாம். உப்பு வராந்தாவுக்கு வந்தது. மேலே தார்ப்பாய் போட்டோம். மாட்டுக்கு அதை விலக்கத் தெரிந்திருந்தது.

"விரட்டும் ஓய்!" என்று கஸ்தூரிரங்கன் என்னைப் பார்த்துக் கத்தினார். விரட்டினேன். நகர மறுத்தது. நல்ல உப்பு போலிருக்கிறது. அதன் பாலில் கடைந்த மோருக்கு ஒரு வாரம் உப்பே போடவில்லை என்று பால்காரன் பிற்பாடு சத்தியம் செய்தான்.

கமிட்டி வந்தபோது, வாழைத்தண்டு மாதிரி இருந்தவை மெழுகுவர்த்தி மாதிரி இருந்தன. இந்தியும் இங்கிலீஷுமாக நடந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

"அச்சா, கஸ்தூரி ஜி," என்றார் தலைவர், "ஒரு கௌமாதாவைத் தாங்காத உப்பு, அணுக்கழிவை எப்படித் தாங்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். சேஷன் கொஞ்சம் அதிகமாக.

"அவ்வளவு ஆழத்துல மாடு மேயாது சார்."

"தண்ணீர்?"

"தண்ணீர் போயிருந்தா என்னிக்கோ கரைஞ்சிருக்கும். உப்பு இன்னும் இருக்கிறதே சாட்சி."

"எங்கே இருக்கு?"

கஸ்தூரிரங்கன் உருளைப் பெட்டிகளைக் காட்டினார். தார்ப்பாயின் ஓரத்திலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உப்பு வேண்டாம், கருங்கல்லைப் பார்க்கலாம் என்று டீ ஆறுவதற்குள் முடிவாயிற்று. மறுபடி தோண்டலாமென்றால், துளைபோடும் யந்திரத்தைக் குடிதண்ணீர்க் கிணறு வெட்ட அனுப்பியாகிவிட்டது. அவரை வரைபடப் பிரிவுக்கு மாற்றினார்கள். பைல்களைக் காலி செய்து அந்த அறையையே அவருக்குக் கொடுத்தார்கள். சுவரில் பொட்டு ஈரம் கிடையாது.

அன்று சாயங்காலம் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றார். மழை விட்டுப் புழுக்கம். மாடு திரும்ப வந்தது. காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்துவிட்டு, வியர்த்திருந்த அவர் முழங்கையில் நாக்கை வைத்தது.

"தோலை உரிச்சுடும் சார்," என்றேன்.

"இருக்கட்டும் ஓய். பாக்கி ஏதாவது இருக்கான்னு பாக்கறது."

மற்றொரு சட்டைக்கையையும் மெதுவாக மேலே சுருட்டினார்.