இறங்காத கைகள்

துளசி லேஅவுட் குடியிருப்போர் சங்கத்துக்கு நரசிம்மமூர்த்தியே ஆயுள் முழுக்கத் தலைவர், இனி தேர்தல் வேண்டாம் என்ற தீர்மானத்துக்காகத் தூக்கிய கைகள், தீர்மானம் நிறைவேறிய பிறகும் கீழே இறங்கவில்லை. மைசூரில் தக்காளி கிலோ நூறைத் தாண்டிய வருஷம் அது. பத்மாஸினி இடது கையால் மத்தூர் வடையைத் தின்று முடித்து, வலது கை ஆகாயத்தைப் பார்த்தபடி வீட்டுக்கு வந்தாள். மறுநாள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பில் ஒன்றுமில்லை, நீங்கள் இன்னும் சம்மதித்துக்கொண்டே இருக்கிறீர்கள், அவ்வளவுதான் என்றார்.

குற்றம் வடைமேல்தான் என்பவர்கள் உண்டு. பொதுக்குழு முடிந்ததும் மத்தூர் வடை தருவது அந்தச் சங்கத்து வழக்கம். நரசிம்மமூர்த்தி கெட்டிக்காரர், வறண்ட குழாய்களில் தண்ணீர் வரவைத்தவர். தலைவரான முதல் வருஷம், சம்மதிக்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னவர், எதிர்ப்பவர்கள் யார் என்று கேட்பதை விட்டுவிட்டார். "வடை ஆறிப்போறது, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், பத்மாஸினியும்தான். அடுத்த வருஷம் கணக்கு வாசிப்பது நின்றது. அதற்கடுத்த வருஷம், கேள்வி கேட்க விரும்புகிறவர் முதலில் அவரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றானது. வடை மட்டும் ஒரு வருஷமும் ஆறவில்லை.

தூக்கிய கையோடு வாழவும் பழகிப்போயிற்று. மண்டி மொஹல்லா தையற்காரர்கள் தோளில் பித்தான் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுத்தார்கள். தெருவில் நின்றால் போதும், ஆட்டோக்கள் தாமாகவே வந்து நின்றன. தனக்காகத் தானே தூக்கிய கையோடு நரசிம்மமூர்த்தி நடந்து போனால் ஊரையே ஆசீர்வதிப்பதுபோல் இருந்தது. பத்மாஸினிக்குத் தலை வாரிப் பின்னிவிட, எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்த கனகலக்ஷ்மி தினமும் காலையில் வந்தாள். ரயில்வேயில் வேலை பார்ப்பவள். அன்றைக்குப் பொதுக்குழுவில் கையை மடியிலேயே வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

நரசிம்மமூர்த்திக்கு இனி கூட்டம் போடும் சிரமமும் இல்லை. காலையில் நடக்கப் போகும்போது தீர்மானத்தை உரக்கச் சொல்வார், வாசல்களில் நிற்கும் கைகளைப் பார்ப்பார், நிறைவேறிவிடும். பூங்காவில் பாதி அவருடைய அலுவலகமானது அப்படித்தான். எதிர்ப்பவர்களை ஏன் கேட்பதே இல்லை என்று கனகலக்ஷ்மி கேட்டாள். அந்த வாரமே அவள் வீட்டுக் குழாய் நின்றதும் அப்படித்தான். அவள் இரண்டு கையிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த லேஅவுட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். இறக்கி வைத்ததும் வந்து பத்மாஸினிக்குப் பின்னினாள். அந்த ஈரக் கை தலையில் படும்போதெல்லாம் பத்மாஸினி கூனிக் குறுகிப்போனாள். தண்ணீரை நிறுத்தியதில் தன் தூக்கிய கையும் உண்டு.

ஒருநாள் பின்னல் பாதியில் இருக்கும்போது நரசிம்மமூர்த்தி வாசலில் வந்து நின்றார். கனகலக்ஷ்மி லேஅவுட்டைக் காலி பண்ண வேண்டும் என்பது தீர்மானம். பத்மாஸினியின் கையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஆச்சு மாமி, வரேன்."

"ஆகலை," என்று எழுந்தாள் பத்மாஸினி. "எதிர்க்கறவாளை நீங்க கேக்கவே இல்லையே."

"உங்க கைதான் தூக்கியிருக்கே?"

"அது தூக்கியிருக்கு. நான் தூக்கலை. எனக்குச் சம்மதமில்லை."

கை இறங்கியது. மரத்துப்போன கையில் சுருக்கென்று ரத்தம் ஓடியது. பயமாக இருந்தது, ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. பின்னலின் மிச்சத்தைப் பத்மாஸினியே இரண்டு கையாலும் பின்னி முடித்தாள். அடுத்த வீட்டு யக்ஞநாராயணன் மதில்மேல் எட்டிப் பார்த்து, "எனக்கும் சம்மதமில்லை ஸ்வாமி" என்றார். அவர் கையும் இறங்கியது. அதன்பின் தெரு நெடுகக் கைகள் இறங்கிக்கொண்டே போயின. சாயங்காலம் கனகலக்ஷ்மி வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது. அடுத்த மாதம் தேர்தல் நடந்தது.

இறங்காத கைகள் இன்னும் சில உண்டு. அவற்றை யாரும் எண்ணுவதில்லை, வாயால் சொன்னால்தான் கணக்கு. பொதுக்குழுவில் இப்போது முதலில் எதிர்ப்பவர்களைத்தான் கேட்கிறார்கள். பேசி முடிப்பதற்குள் வடை ஆறிவிடுகிறது. ஆறின மத்தூர் வடையைப் பிய்க்க இரண்டு கை வேண்டும். நரசிம்மமூர்த்திக்குக் கனகலக்ஷ்மி பிய்த்துக் கொடுக்கிறாள்.