ஆரணியின் கை அளவு

சிவமணிக்குக் கோபம் எப்பவும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அது புருஷன் இரத்தினசிங்கத்துக்குத் தெரியும், கொழும்பு வெள்ளவத்தையில் தன் வீட்டோடு ஒட்டின அனெக்ஸை அவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்த இரத்தினம்மாவுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கிழமை வந்த கோபம் வேறு. சீமெந்து நிலத்தில் காலை நீட்டி இருந்துகொண்டு, கால் பெருவிரலில் கயிற்றை மாட்டி, முடிச்சுப் போட்டு, அவிழ்த்து, திரும்பப் போட்டு, திரும்ப அவிழ்த்து, கடைசியில் எல்லாத்தையும் சுருட்டிச் சுவரில் எறிந்தாள். கயிறுதானே. சத்தம்கூடப் போடாமல் விழுந்து கிடந்தது. அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் பத்திக்கொண்டு வந்தது.

"ஆட மாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்," என்றார் கட்டிலில் படுத்திருந்த இரத்தினசிங்கம்.

"நீங்கள் சும்மா கிடவுங்கோ."

அவர் சும்மா கிடந்தார். வேறு என்ன செய்ய? மூன்று வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாசம் பிறந்த கையோடு, சிறுநீரகத்தில் கல்லென்று அவரைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தவள் சிவமணி. பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று, நாலு வயசு மகள் ஆரணியை யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் மாமியோடு, அதுதான் இரத்தினசிங்கத்தின் அக்காவோடு, விட்டுவிட்டு வந்தாள். வந்த கிழமையே சண்டை தொடங்கிப் பாதை பூட்டிப் போச்சு. கல்லை எடுக்கப் போன டொக்டர்மார் ஒரு சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். இனி மாசாமாசம் கிளினிக். அதுக்குரிய மருந்து யாழ்ப்பாணத்தில் குதிரைக்கொம்பு. பிள்ளையைக் கூப்பிடுவம் என்றால் அங்கே இயக்கப் பெடியளிடம் பாஸ் எடுக்க வேண்டும், வவுனியாவில் ஆமிக்காரனிடம் மறுமொழி சொல்ல வேண்டும், நடுவில் கிளாலிக் கடல். "அந்தக் கடலால என்ர பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லுறியோ," என்று இரத்தினசிங்கம் ஒவ்வொரு முறையும் கேட்பார். சரி, நான் போறன் என்றால், போனவளைத் திரும்ப விடுவார்களோ, விடாட்டி இந்த மனுஷனை ஆர் பார்ப்பது? இருதலைக் கொள்ளி எறும்பு என்று பாடப் புத்தகத்தில் படித்தவள்தான். அந்த எறும்புக்கு எவ்வளவு எரிச்சல் வந்திருக்கும் என்று புத்தகத்தில் ஒருத்தரும் எழுதவில்லை.

இந்தக் கூத்தைத் தொடக்கி வைத்தவர் நமசிவாயண்ணை. கொக்குவிலில் பக்கத்து ஒழுங்கைக்காரர், பென்ஷன் விசயமாகக் கொழும்புக்கு வந்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை வந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மனுஷன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

"தங்கச்சி, போன முறை நீ குடுத்துவிட்ட சட்டை பிள்ளைக்குக் கொள்ளேல்லை. கை புகவே மாட்டன் எண்டிட்டுது. உன்ர மச்சாள் அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்திட்டா."

அந்தச் சட்டைக்குச் சிவமணி தன் கையால் கழுத்தில் பூப் பின்னியிருந்தாள். அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்டுக்கொண்டு திரிகிறது.

"பிள்ளை இந்த முறை உன்னட்டச் சொல்லச் சொன்னவள், அம்மாட கையால செய்த நூல்காப்பு ஒண்டு வேணுமாம். பள்ளிக்கூடத்தில ஆரோ கட்டிக்கொண்டு வாறாளாம். சனிக்கிழமை வெளிக்கிடுறன். பொக்கற்றில வைக்கிற மாதிரித் தா. கறுப்பு நூல் மட்டும் வேண்டாம், பெடியள் சயனைட் குப்பி கட்டுறது அதிலதான், ஆமி சோதிக்கிற இடத்தில அதுக்கு நிண்டு மறுமொழி சொல்ல ஏலாது."

"எவ்வளவு பெரிய கை அண்ணை அவளுக்கு?"

நமசிவாயண்ணை யோசித்தார். "பிள்ளை நல்லா வளர்ந்திட்டாள்," என்று தன் இடுப்பு மட்டத்தில் கையைப் பிடித்துக் காட்டினார். பிறகு ஐமிச்சப்பட்டுக் கையை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தினார்.

"உயரம் இல்லை அண்ணை. கை."

"கை... எல்லாப் பிள்ளையளுக்கும் இருக்கிற கைதான்."

இந்த ஆம்பிளையளிடம் கேட்டுப் பிரயோசனமில்லை. கண் முன்னால் பிள்ளை நின்றாலும் வால் முளைத்திருக்கோ இல்லையோ என்றுதான் பார்ப்பார்கள்.

கயிற்றுக்குப் பஞ்சமில்லை. காலி வீதியில் திரைச்சீலை தைக்கிற கடையொன்றில்தான் அவளுக்கு வேலை. திரையை ஒதுக்கிக் கட்டுகிற கயிற்றில் வெட்டி மிஞ்சின மெரூன் துண்டும் சந்தன நிறத் துண்டும் பெட்டி நிறையக் கிடந்தன. கூட வேலை செய்கிற லுத்பியா திரைக்குக் குஞ்சம் கட்டுகிறவள், கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுவாள். அவள் காட்டிக் கொடுத்தபடி, நடுவில் இரண்டு கயிறு சும்மா நிற்க, இடப்பக்கத்துக் கயிறு மேலால் போக, வலப்பக்கத்துக் கயிறு கீழால் வந்து வளையத்துக்குள் ஏற வேண்டும். அடுத்தது அப்படியே மாறி வலமிருந்து இடம். மாற்ற மறந்தால் பட்டி சப்பட்டையாக வராது, முறுக்கிக்கொண்டு போகும். சிவமணிக்கு முறுக்கிக்கொண்டுதான் போனது. திங்களும் முறுக்கியது, செவ்வாயும் முறுக்கியது. கடையில் சரியாக வந்தது வீட்டில் கால்விரலில் மாட்டினவுடன் கோணிக்கொண்டு நின்றது. பின்னேரக் கோச்சி கடற்கரைத் தண்டவாளத்தில் போகிறபோது அறை அதிரும், எத்தனையாவது முடிச்சில் நின்றாள் என்பது மறந்து போகும். புதன்கிழமை ஒருமாதிரிப் பட்டி நேராக வந்தது.

நேராக வந்து என்ன? எந்த இடத்தில் நிற்பாட்டுவது?

"இவ்வளவு," என்று இரத்தினசிங்கம் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்துக் காட்டினார். "கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு திரிஞ்சவன் நான், எனக்குத் தெரியும்."

"எப்ப பிடிச்சனீங்கள்? அது நாலு வயசுக் கை."

"அப்ப கொஞ்சம் கூட்டன்."

"எவ்வளவு கூட்ட?"

அவருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்வதுதான் அவளுக்கு ஆத்திரம். இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிடும் மட்டும் அதில் சண்டை பிடித்தார்கள். ஒரு கைக்காகச் சண்டை. அந்தக் கையை இரண்டு பேரும் காணவில்லை.

வியாழக்கிழமை அவள் இரத்தினம்மாவின் பேத்தியைப் பிடித்து அளந்தாள். அதுக்கும் ஏழு வயசுதான். அளந்து பார்த்தால் மொழுமொழு என்று கை, பால்மாவும் பட்டரும் தின்னுகிற கை. சாமான் தடையில் கொக்குவிலில் சவுக்காரமே கிடையாது, பால்மாவுக்கு எங்கே போவது? அப்போ இதில் எவ்வளவு குறைக்க? ஒரு முடிச்சோ, இரண்டு முடிச்சோ, நாலோ? தன் பிள்ளை எவ்வளவு காய்ந்திருக்கும் என்று முடிச்சில் கணக்குப் பார்க்கிற தாய் உலகத்தில் வேறு எவளும் இருப்பாளோ? அந்தப் பிள்ளையின் கையைக் கொஞ்சம் வெடுக்கென்று விட்டுவிட்டாள் போல, அது முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடிவிட்டது.

கடையில் லுத்பியா பட்டியை வாங்கிப் பார்த்தாள்.

"அளவு தெரியாட்டி எனத்துக்கு இப்பிடி மல்லுக்கட்டுறீங்க? நூல்த் துண்டு ஒண்டக் குடுத்து விடுங்க, புள்ளட கைய அளந்து அனுப்பட்டும்."

"அது போய், வேற ஆரும் கொண்டு வந்து சேர்க்கிறதுக்கிடையில அவள் இன்னும் வளர்ந்திடுவாள்."

"அப்ப ஓடுமுடிச்சுப் போடுங்க. ரெண்டு தலைப்பயும் குறுக்கால விட்டு, சுத்திப் பின்னினாச் சரி. இழுத்தாச் சுருங்கும், விட்டா விரியும். எந்தக் கைக்கும் போடலாம்."

சிவமணிக்கு அது பிடிக்கவில்லை. எந்தக் கைக்கும் போடக் கூடியதை எந்தத் தாயும் செய்வாள், கடைக்காரனும் செய்வான். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் நமசிவாயண்ணை வந்துவிடுவார். இதுவும் கொள்ளாமல் போய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போனால்? பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுமுடிச்சைப் போட்டாள். நைலோன் தலைப்புகளை நெருப்புக்குச்சியால் பொசுக்கினாள். அது மட்டும் ஒரே தடவையில் சரியாக வந்தது, பாருங்கோ.

வெள்ளிக்கிழமை நமசிவாயண்ணை வந்தார். காப்பைக் கையில் வாங்கி, இழுத்தார், விட்டார், சின்னப் பிள்ளை மாதிரித் திரும்ப இழுத்தார். பிறகு தன்னுடைய மணிக்கட்டிலேயே போட்டுப் பார்த்தார். வடிவாகக் கொண்டது.

"கெட்டிக்காரி," என்றார். "சோக்கான வேலை. இனி உனக்குக் கவலையில்லை தங்கச்சி. பிள்ளை பெரிசாகி, குமராகி, கலியாணம் கட்டும் மட்டும் இதையே போட்டுக்கொண்டு திரியலாம்."

"ஓமோம், நல்ல யோசனை," என்றார் இரத்தினசிங்கமும்.

சிவமணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கலியாணம் கட்டும் மட்டும். இவர்கள் இருந்து, பார்த்து, சந்தோசப்பட்டுச் சொல்கிறார்கள். அப்போ அது வரைக்கும் பிள்ளையின் கையைத் தாய் காணத் தேவையில்லை.

"கழட்டுங்கோ," என்றாள்.

"என்ன தங்கச்சி?"

"கழட்டித் தாங்கோ அண்ணை."

அவர் கழற்றிக் கொடுத்தார். அவள் தையல் கத்திரிக்கோலை எடுத்து ஓடுமுடிச்சை நறுக்கென்று வெட்டினாள். இரத்தினசிங்கம் கட்டிலில் எழும்பி இருந்தார். "உனக்கென்ன விசரே? ரா பகலாச் செய்ததை."

"விசர்தான். கலியாணம் மட்டும் போடுற காப்பு நான் செய்யேல்லை. இது இந்த வருஷத்துக்குத்தான். இந்த வருஷம் அவளுக்கு ஒரு கை இருக்கெல்லோ, அந்தக் கைக்கு."

"அந்தக் கைதானே தெரியாது," என்றார் நமசிவாயண்ணை, மெல்ல. "சின்னனாப் போனா என்ன செய்யிறது?"

"போனாப் போகட்டும். தாய்க்குத் தன்ர கை அளவு தெரியாது எண்டு அவளுக்குத் தெரியட்டும். நீட்டினாலும் சுருக்கினாலும் கொள்ளுற சாமானைக் குடுத்து நான் ஏன் அதை ஒளிக்கோணும்?"

இரத்தினசிங்கம் நடு மூன்று விரல்களையும் சேர்த்து அவள் முன்னால் நீட்டினார். "இதில சுத்திக் கட்டு," என்றார். "இவ்வளவுதான் இருக்கும்."

எப்படித் தெரியும் என்று இந்த முறை அவள் கேட்கவில்லை. அவருடைய விரல்களைச் சுற்றிப் பட்டியை வளைத்து, இரண்டு தலைப்பையும் இறுக்கிக் கட்டினாள். இனி அது விரியாது, சுருங்காது. விரலில் சூடு படாமல் நெருப்புக்குச்சியைச் சரித்துப் பிடித்துத் தலைப்பைப் பொசுக்கினாள். கழற்றி நமசிவாயண்ணையிடம் கொடுத்தாள். அவர் அதைச் சேர்ட் பொக்கற்றில் வைத்து மேலால் தட்டிப் பார்த்தார்.

"கைக்குக் கொண்டுதோ இல்லையோ எண்டு வாற ஆக்களிட்டச் சொல்லி விடுறன்."

"சொல்லி விட வேண்டாம் அண்ணை. நான் வாறன். அடுத்த மாசம், கடை முதலாளியிட்டச் சொல்லிப்போட்டு. இனி அவளை நானே அளக்கிறன்."

"அங்க போனாத் திரும்பி வரப் பாஸ் தராங்கள்," என்றார் இரத்தினசிங்கம்.

"தராட்டி இருப்பன்."

"கிளினிக்?"

"பஸ் ஏறத் தெரியாத பிள்ளையே நீங்கள்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது, என்ன சொன்னாள் என்று. ஆனால் அவள் அதைத் திருப்பி எடுக்கவில்லை. நமசிவாயண்ணை செருப்பைத் தேடுகிற சாட்டில் வாசலுக்குப் போனார். இரத்தினசிங்கம் அந்த மூன்று விரலையும் இன்னும் நீட்டியபடியே இருந்தார்.