டட்லிக்குப் பல் முளைத்த வாரம்

வெர்ன் டாகெட் குழந்தையாக அழுது பிழைத்தவர். ஐம்பதை நெருங்கிய வயது, அலமாரி போல உடம்பு, காலையில் மழித்தால் மதியத்துக்குள் கறுத்துவிடும் தாடை. வியாழக்கிழமை மாலைகளில் சிகாகோவிலிருந்து ஒலிபரப்பான ‘டன்வுடி வீடு’ என்ற வானொலி நாடகத்தில் கைக்குழந்தை டட்லி அவர்தான். அப்பா டன்வுடி குழாயைச் சரிசெய்யப் போய் வீட்டை வெள்ளக்காடாக்குவார், அம்மா டன்வுடி பெருமூச்சு விடுவார், சரியான இடத்தில் டட்லி வீறிடுவான். நான் ஆர்கனில் நாலு சுரம் தட்டி முடித்துவைப்பேன்.

வெர்ன் சிகாகோவுக்கு வந்தது ஓபரா இசை நாடகத்தில் பாடுவதற்காக. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற கனத்த குரல். அந்தக் குரலுக்கு யாரும் வேலை தரவில்லை. எங்கள் நிலையத்துக்கு வந்த அன்று என் ஆர்கன் பெஞ்சில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டார். அந்த வலியில் அவர் தொண்டையிலிருந்து கிளம்பிய சத்தத்தைக் கேட்டு, தயாரிப்பாளர் கண்ணாடி அறையிலிருந்து ஓடி வந்தார். “இன்னொரு தடவ இடிச்சுக்க முடியுமா?” என்றார். எங்கள் அழுகைக்காரப் பெண் கல்யாணமாகி ஒமாஹாவுக்குப் போய்விட்டிருந்த நேரம் அது.

ஒரே ஒரு நிபந்தனை. நாடகத்துக்குப் பணம் போட்டது ஒரு சோப்புக் கம்பெனி. டட்லியின் பட்டுத் தோலுக்குத் தங்கள் சோப்புதான் காரணம் என்று வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பட்டுத் தோல் யாருடையது என்று வெளியே தெரிந்தால் வேலை போய்விடும்.

வெர்னும் அவர் மனைவி லூவெல்லாவும் செக் நாட்டுக்காரர்கள் நிறைந்த ஒரு தெருவில், திருமதி குபிச்செக் வீட்டின் மாடியில் குடியிருந்தார்கள். அந்த அம்மாள் விதவை. வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தாள்: குழந்தை, நாய், டிரம்பெட் மூன்றுக்கும் இடமில்லை. ஆனால் வியாழக்கிழமை மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு டட்லியைக் கேட்பாள். நாடகம் முடிந்ததும் வானொலிப் பெட்டியின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிடுவாள், அவனுக்குக் குளிரக் கூடாதென்று.

வம்பு பல் முளைப்பதில் ஆரம்பித்தது. டட்லிக்கு முதல் பல் வருவதாக ஒரு வாரத்துக்குக் கதை எழுதிவிட்டார்கள். வெர்ன் தன் தொழிலை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவர் அல்ல. பசி அழுகை, ஈர அழுகை, தூக்கச் சொல்லும் அழுகை எல்லாம் அவருக்குக் கைவந்தவை. பல் அழுகை மட்டும் பிடிபடவில்லை. முகத்தில் தலையணையை அமுக்கிக்கொண்டு காலை முழுவதும் வீட்டில் அழுது பார்த்தார்.

திருமதி குபிச்செக் மாடியேறி வந்து கதவைத் தட்டினாள். லூவெல்லாதான் திறந்தாள்.

“உள்ள என்ன சத்தம்?”

“ரேடியோங்க.”

“உங்க ரேடியோ ரிப்பேர்னு நீதான போன வாரம் சொன்ன?”

“அப்ப பூனையா இருக்கும்.”

“பூனை எங்கயாவது விக்கி விக்கி அழுமா?”

லூவெல்லாவுக்குப் பொய் இரண்டுக்கு மேல் வராது. தலை குனிந்து நின்றாள். அந்த மௌனத்தைப் பார்த்ததும் வீட்டுக்கார அம்மாளின் கண்கள் நிறைந்துவிட்டன.

“பெத்த புள்ளய ஒளிச்சு வச்சு வளக்கிற அளவுக்கு நான் என்ன ராட்சசியா? ஏம்மா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

அன்று மாலையே பலகையில் முதல் சொல்லின் மேல் சாயம் பூசிவிட்டாள். நாய்க்கும் டிரம்பெட்டுக்கும் மட்டும் தடை நீடித்தது. கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி மேலே வந்தது. அவளுடைய பிள்ளைகள் படுத்த மரத்தொட்டில் வந்தது. இறைச்சிக்கடைக்காரர் மனைவி பின்னிய ஸ்வெட்டர் வந்தது. எல்லாருக்கும் ஒரே ஆசை, குழந்தையைப் பார்க்க வேண்டும்.

“மணல்வாரி போட்டிருக்கு, யாரும் பக்கத்துல வரக் கூடாது” என்று லூவெல்லா மூன்றாவது பொய்யை முயன்றாள். அது வினையாக முடிந்தது. மணல்வாரி என்றதும் திருமதி குபிச்செக் நகர சுகாதார நர்ஸுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

நர்ஸ் மிஸ் டெம்ப்ஸி ஒல்லியாக, உயரமாக, எதையும் நம்பாத முகத்தோடு வந்தாள். அவள் செருப்புச் சத்தம் கேட்டதுமே வெர்ன் பனியனோடு குளியலறைக்குள் ஓடித் தாழிட்டுக்கொண்டார்.

“குழந்த எங்கம்மா?”

“குளிக்குது” என்றாள் லூவெல்லா.

“மணல்வாரியோடயா? யாரு குளிப்பாட்றாங்க?”

“அதோட அப்பா.”

மிஸ் டெம்ப்ஸி கதவில் காதை வைத்தாள். உள்ளே இருப்பவருக்கு வேறு வழியில்லை. “அழாதடா தங்கம், அழாத” என்று அடித்தொண்டையில் ஒரு வரி சொன்னார். உடனே வீலென்று அழுதார். மறுபடி சமாதானப்படுத்தினார். மறுபடி அழுதார். நடுவில் கையால் தண்ணீரையும் அளைந்தார்.

நர்ஸ் நெற்றியைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். “இதுக்கு மணல்வாரியும் இல்ல, மண்ணும் இல்ல. என்ன தொந்தரவாம்?”

“பல்லு வருது” என்றது உள்ளேயிருந்து கனத்த குரல்.

“பல்லா? சும்மா சொல்லாதீங்க. இது பல்லு அழுகை இல்ல. இது வெறும் அடம்.”

உள்ளே தண்ணீரை அளைவது நின்றது. பிறகு வெர்ன் கேட்டார். குரலில் அடிபட்ட வருத்தம் இருந்தது.

“அப்ப பல்லு அழுகை எப்படித்தாங்க இருக்கும்?”

“உங்க குழந்த வாயால அழுவுது. பல்லு வலி மூக்குல ஆரம்பிக்கணும். தாடை நடுங்கணும். நடுவுல ஒரு நிறுத்தம் வரும், வலி போயிருச்சோன்னு குழந்தையே யோசிக்கிற மாதிரி. அப்புறந்தான் பெருசா வரும்.”

“கொஞ்சம் செஞ்சு காட்ட முடியுமா?”

யாரும் அவளிடம் இதுவரை இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. மிஸ் டெம்ப்ஸி கூடத்தை ஒரு தடவை பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு அழுதாள். மூக்கில் தொடங்கி, தாடை நடுங்கி, ஒரு கணம் நின்று, பிறகு வீடே அதிர. லூவெல்லா தன்னையறியாமல் அவளைத் தூக்கக் கையை நீட்டிவிட்டதாகப் பின்னால் என்னிடம் சொன்னாள்.

உள்ளேயிருந்து வெர்ன் அதைப் பிடித்துக்கொண்டார். அவர் ஒன்று அழ, இவள் திருத்திக் காட்ட, அவர் மறுபடி அழ, கதவுக்கு இரண்டு பக்கமும் கச்சேரி களைகட்டியது. ரொட்டித் தட்டோடு படியேறிக்கொண்டிருந்த திருமதி குபிச்செக் பாதியில் நின்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஐயோ பாவம், ரெட்டப் புள்ள.”

அவள் உள்ளே நுழையவும், அழுகை ஒருவழியாகப் பிடிபட்ட ஆனந்தத்தில் வெர்ன் தாழைத் திறந்துகொண்டு வெளியே வரவும் சரியாக இருந்தது. பனியன் நனைந்திருந்தது. வாய் கோணியிருந்தது. தாடை நடுங்க, அந்த மகத்தான பல் அழுகையை முழுக்க அழுது முடித்த பிறகுதான் மூன்று பெண்கள் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது.

மிஸ் டெம்ப்ஸி அவரைத் தாண்டிப் போய்த் தொட்டிக்குள் பார்த்தாள். ஒரு சோப்பு மிதந்தது. “இங்க யாரும் இல்லையே” என்றாள்.

“நான்தாங்க டட்லி. டன்வுடி வீட்டு டட்லி” என்றார் வெர்ன்.

“டட்லி கைக்குழந்த. உனக்குத் தொப்ப இருக்கு” என்றாள் திருமதி குபிச்செக்.

அவர் டட்லியின் தூக்கச் சொல்லும் அழுகையை மெல்ல அழுது காட்டினார். அவள் சமையல் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். வாராவாரம் அவள் துண்டு போர்த்திவிட்டது இந்த மீசை நிழல் விழுந்த முகத்துக்குத்தான் என்பதை அவளால் விழுங்க முடியவில்லை. வெர்ன் மன்னிப்புக் கேட்டார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“இப்ப அழு” என்றாள்.

அவர் அழுதார்.

“என் கண்ணே, என் ராசா” என்றாள் அவள் சுவரைப் பார்த்து. அதன்பின் அவளுக்குக் கோபமில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். நர்ஸும், இதை எந்த நோய்க்குக் கீழே எழுதுவதென்று தெரியவில்லை என்று சொல்லி, ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வியாழக்கிழமை வெர்ன் அழுத அழுகையில் அம்மா டன்வுடியாக நடித்தவள் வசனத்தை மறந்து நிஜமாகவே கண்ணீர் விட்டாள். நான் என் நாலு சுரத்தை விட்டுவிட்டேன். சோப்புக் கம்பெனியிலிருந்து பாராட்டு வருமென்று காத்திருந்தோம். வந்தது கண்டனம். நாடெங்கும் தாய்மார்கள் எழுந்து தங்கள் தொட்டிலைப் பார்க்க ஓடிவிட்டார்களாம், விளம்பரத்தை ஒருத்தியும் கேட்கவில்லையாம். இனி டட்லிக்குப் பல் முளைக்கக் கூடாது என்று உத்தரவு. நாடகம் நின்றுபோகும் வரை அவன் பொக்கை வாயோடுதான் இருந்தான்.

அன்று இரண்டு அழுகை கேட்டிருந்த தெருவுக்கு என்ன சொல்வது என்பதுதான் மிச்சமிருந்த சிக்கல். இரட்டைக் குழந்தைகளையும் அயோவாவிலுள்ள உறவினரிடம் அனுப்பிவிட்டதாகத் திருமதி குபிச்செக் கதை கட்டினாள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அன்றிலிருந்து தெருவில் லூவெல்லாவோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெற்றதைத் துரத்திவிட்டுப் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு திரிகிறவள் என்று காதுபடவே சொன்னார்கள். இறைச்சிக்கடையில் எலும்பாகப் பார்த்துப் போட்டார்கள். வெர்னின் வேலையை நினைத்து அவள் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை பொறுமை விட்டுப்போயிற்று. கடை நிறையப் பெண்கள் இருக்கும்போது, கடைக்காரர் மனைவியிடம் நிதானமாகச் சொன்னாள்: “என் குழந்த எங்கயும் போகல. வீட்டுலதான் இருக்கு. இப்ப ஷேவ் பண்ணிக்கிட்டிருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் மனைவி கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சுற்றி வந்து அவளை அணைத்துக்கொண்டாள்.

“ஏக்கம் புத்தியக் கலக்கிருச்சு, பாவம்” என்றாள் மற்றவர்களிடம். “உக்காரும்மா. தண்ணி குடி.”

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் லூவெல்லாவை எல்லாரும் அன்பாகவே நடத்தினார்கள். நல்ல கறியாகப் பார்த்து வெட்டித் தந்தார்கள். வெர்ன் தெருவில் போனால் மட்டும், மனைவியை இப்படி ஆக்கிவிட்டாயே என்பது போல ஒரு பார்வை பார்ப்பார்கள்.