பத்து மணிக்குத் தட்டுற என்ஜின்

எங்க வீட்டு கார் ஜப்பான்ல இருந்து கப்பல்ல வந்தது. என் புள்ள ஆசை ஆசையா வரவழைச்சான். ரெண்டே கதவு, பின்னாடி ஒரு றெக்கை, உள்ள டர்போ. உக்காந்துட்டா எந்திரிக்க ரெண்டு பேர் கை குடுக்கணும், அவ்வளவு பள்ளம். ஒன்றரை வருஷம் ஓட்டியிருப்பான், வெளிநாட்டுல வேலை கிடைச்சு மருமகளையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். "நான் வந்து ஓட்டுவேன்மா, அதுவரைக்கும் பாத்துக்கோ"ன்னான். ஆறு வருஷமாச்சு, நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.

அதுல ஒரு சள்ளை என்னன்னா பெட்ரோல். ஜப்பான்ல விக்கிறது ஒசத்தி பெட்ரோல், அதுக்குத் தகுந்த மாதிரி என்ஜினை செட் பண்ணி வச்சிருக்காங்க. நம்ம பங்க்ல கிடைக்கிறது அதுக்கு ஆகாது. பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே உள்ள தானா வெடிச்சுடும். தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம், நாக்கிங்னு பேரு. அது தொடர்ந்து வந்தா பிஸ்டன் போயிடும், பிஸ்டன் போனா கார் போயிடும். இங்கத்த பெட்ரோலுக்கே மாத்தி டியூன் பண்ணலாம், ஆனா பவர் குறையும்னு என் புள்ள ஒத்துக்கல. அதனால பத்து லிட்டருக்கு ஒரு பாட்டில்னு பெட்ரோலை ஒசத்தற மருந்தை டேங்க்ல ஊத்தணும். பாட்டிலை எல்லாம் பார்சல்ல அவனே அனுப்பிடுவான்.

ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு போன் பண்ணுவான். நான் ஸ்பீக்கர்ல போட்டு பக்கத்து சீட்டுல வச்சுட்டு, பாலம் வரைக்கும் ஓட்டிட்டு வரணும். அவன் அங்கிருந்தே சத்தம் கேப்பான். "நல்லா இருக்கும்மா, சரி வைக்கட்டா" அவ்வளவுதான். ரெண்டு நிமிஷம். நான் சாப்பிட்டேனா, முட்டி வலி எப்படி இருக்குன்னு கேக்க மாட்டானான்னா, கேப்பான், அதுவும் அந்த ரெண்டு நிமிஷத்துலயே அடங்கிடும்.

ஒரு தடவை மருந்து ஊத்த மறந்துட்டேன். பாலம் ஏறும்போது லேசா தட்டுச்சு. அவ்வளவுதான், பதறிட்டான். "அம்மா எந்த கியர்? எவ்வளவு ஸ்பீடு? திரும்ப ஏறு, மெதுவா ஏறு"ன்னு இருபத்தஞ்சு நிமிஷம். நடுவுல மருமகளும் பேசினா. பேத்தி ஹலோ சொல்லுச்சு. அன்னிக்கு மதியானம் எனக்கு தட்டுல இருந்த சோறு உள்ள எறங்கினதே தெரியல, அவ்வளவு சந்தோஷம்.

அதுக்கப்புறம் நான் மருந்து ஊத்தல. போதாக்குறைக்கு, அவன் எதைச் செய்யவே கூடாதுன்னு சொன்னானோ அதையே செஞ்சேன். மெதுவா போகும்போது மூணாவது கியர்ல போட்டு, பாலம் ஏறற எடத்துல ஆக்சிலேட்டரை ஒரே அமுக்கா அமுக்கறது. கடகடன்னு தட்டும். போன்ல அவன் பேசிக்கிட்டே இருப்பான்.

பதினாலு வாரம். கடைசில அவனுக்கு பயம் வந்துடுச்சு. "நான் ஆள் அனுப்பறேன்மா, டியூனை மாத்திடச் சொல்றேன்"ன்னுட்டான்.

வந்தவருக்கு மெக்கானிக்குங்க வச்ச பேரு காது. ஐம்பது வயசிருக்கும். நீட்ட ஸ்க்ரூ டிரைவரோட ஒரு முனையை என்ஜின்ல வச்சு, கைப்பிடியை காதுல வச்சுக் கேப்பாரு. கேட்டுட்டு லேப்டாப்பை எடுத்து காருக்குள்ள ஒரு வயரை மாட்டினாரு.

"அக்கா, இந்த கார்ல உள்ள கம்ப்யூட்டர் எப்பெப்ப தட்டுச்சுன்னு தேதி நேரத்தோட எழுதி வச்சுக்கும்."

"அப்படியா தம்பி."

"எல்லாம் ஞாயித்துக்கிழமை. எல்லாம் பத்துலருந்து பத்தரைக்குள்ள. பத்தேகாலுக்கு மேல இன்னும் ஜாஸ்தி." கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "மத்த நாள்ல இந்த வண்டி சாதுவா இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் சாமி வந்துடுது. மருந்து பாட்டில் எங்க இருக்கு?"

கிச்சன் அலமாரியைத் திறந்து காட்டினேன். ஏழு பாட்டில், சீல் பிரிக்காம, வரிசையா நின்னுச்சு.

"புள்ளகிட்ட சொல்லிடுவீங்களா தம்பி?"

"நான் எதுக்கு சொல்லப் போறேன். ஆனா இன்னும் ஒரு மாசம் இப்படியே ஓட்டினா பிஸ்டன் ஒடைஞ்சுடும். அப்புறம் அவரே கேப்பாரு."

"கொஞ்சமா மட்டும் தட்டுற மாதிரி வைக்க முடியாதா?"

சிரிச்சுட்டாரு. நான் சிரிக்கலன்னு பாத்துட்டு நிறுத்திக்கிட்டாரு. "நாக்கிங்ல கொஞ்சம்னு ஒண்ணு கிடையாது அக்கா."

அன்னிக்கு முழுக்க டியூனிங். அவர் ஓட்டினாரு, லேப்டாப் என் மடியில. பாலத்துல எட்டு தடவை ஏத்தி இறக்கினோம். என்ஜின் தட்டினா திரையில செவப்பு கோடு வரும், வந்தா நான் சொல்லணும். "வந்துச்சு தம்பி." நிறுத்துவாரு, லேப்டாப்ல எதையோ மாத்துவாரு, திரும்ப ஏறுவோம். தீப்பொறி வர்ற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி தள்ளினாரு, டர்போ ஊதறதைக் குறைச்சாரு. எட்டாவது தடவை செவப்பே வரல. "வரலையே"ன்னேன். பக்கத்துல ஒரு ஆள் உக்காந்திருக்க அந்தக் கார்ல போய் எவ்வளவு நாளாச்சுன்னு அப்பதான் தோணுச்சு.

"முன்ன மாதிரி பறக்காது. ஆனா பங்க்ல என்ன ஊத்தினாலும் தாங்கும். மருந்தே வேணாம்"னுட்டுக் கிளம்பிட்டாரு.

ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு புள்ள கூப்பிட்டான். மூணாவது கியர், பாலம், ஒரே அமுக்கு. சத்தமே இல்ல.

"பவர் குறைஞ்சா குறைஞ்சுட்டு போகுது, தப்பிச்சோம்மா" அப்படின்னான். அவன் குரல்ல அவ்வளவு நிம்மதி. "இனிமே வாரா வாரம் கஷ்டப்படாத. மாசத்துக்கு ஒருதடவை ஸ்டார்ட் பண்ணா போதும். நானும் அப்பவே கூப்பிடறேன்."

"சரிப்பா"ன்னேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு கை தானா சாவியைத் தேடுச்சு. பாலம் வரைக்கும் போனேன். போனை பக்கத்து சீட்டுலதான் வச்சிருந்தேன். பத்தே காலாச்சு. பாலம் எறங்கி ஓரமா நிறுத்திட்டு நானே கூப்பிட்டேன். வேலையா இருப்பான்னு இத்தனை வருஷத்துல நானா கூப்பிட்டதே இல்ல.

எடுத்த உடனே, "என்னம்மா, காருக்கு என்ன?"ன்னான்.

"காருக்கு ஒண்ணும் இல்லப்பா."

"அப்புறம் என்ன?"

"சும்மாதான்."

அந்தப் பக்கம் பேச்சே இல்ல. என்ஜின் மட்டும் சன்னமா ஓடிக்கிட்டிருந்துச்சு. அவன் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கான்னு தோணுச்சு. சாவியைத் திருப்பி அணைச்சுட்டேன்.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்பா."

"ம். சொல்லு. முட்டி வலி எப்படி இருக்கு?"

நாலு நிமிஷம் பேசினோம். அதுல மூணு நிமிஷம் காரைப் பத்திதான்.