ஒரு கட்டுச் சீட்டு

பத்திரம் எழுதும் மனோரமாவுக்குச் செஞ்சிக் கடைவீதியில் கடையும் இல்லை, சங்கத்தில் ஓட்டும் இல்லை. அதனால்தான் அவளைத் தேர்தல் அதிகாரியாகப் போட்டார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, இருபத்திரண்டு வருஷத் தொழில். அந்த மேசைக்கு முன்னால் கூடப்பிறந்தவர்கள் கால் பங்கு கிணற்றுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டதை அவள் பார்த்திருக்கிறாள். மனிதர்கள் மேல் அவளுக்குப் பெரிய மரியாதை எதுவும் மிச்சமில்லை. அதை அவள் மறைத்ததும் இல்லை.

வியாபாரிகள் சங்கத் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். பாத்திரக்கடை துரைராஜ், உரக்கடை விக்ரமன். ஆளுக்கொரு கட்சி. சங்கத்தில் கட்சி கிடையாது என்று விதியில் எழுதியிருந்ததால் இருவரும் கரைவேட்டியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வந்தார்கள்.

போன தேர்தலில் விக்ரமன் பதினோரு ஓட்டில் ஜெயித்தான். பெட்டிக்குப் பூட்டே போடவில்லை, செத்தவன் பேரிலெல்லாம் ஓட்டு விழுந்திருக்கிறது என்று துரைராஜ் கடை கடையாக ஏறிச் சொன்னார். "மறுபடி எண்ணச் சொல்றது ஓட்டுப் போட்டவனை அசிங்கப்படுத்தறது" என்றான் விக்ரமன். அதற்கு முந்தின தேர்தலில் ஜெயித்தது துரைராஜ். அப்போது அசிங்கப்படுத்துவதைப் பற்றிப் பேசியது அவர், பூட்டைப் பற்றிப் பேசியது விக்ரமன். இருவரும் வாயை மாற்றிக்கொண்டதில் யாருக்கும் வெட்கமில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களும் கூடவே காதை மாற்றிக்கொண்டார்கள். மனோரமாவுக்கு அருவருப்பாக இருந்தது அதுதான்.

இருவரில் விக்ரமனை அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்காது. தேர்தலுக்கு முந்தின வாரம் மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய்விட்டு வந்தவன், அங்காளம்மன் பிரசாதம் என்று ஒரு தட்டு நிறையப் பழமும் பட்டுப்புடவையும் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தான்.

"அம்மன் பட்டுப்புடவையெல்லாம் பிரசாதமா தர்றாங்களா இப்ப?" என்று கேட்டுவிட்டு, குங்குமத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் ஓட்டுப்பதிவு நடந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களில் முன்னூற்று ஒன்பது பேர் போட்டார்கள். துரைராஜுக்குத் தராசுச் சின்னம், விக்ரமனுக்கு மணிச் சின்னம். மத்தியானம் மூன்று மணிக்கு எண்ணிக்கை தொடங்கியது. வேட்பாளருக்கு ஒரு ஏஜெண்டு உட்கார்ந்திருந்தான். மூன்று மணியிலிருந்தே இரண்டு ஏஜெண்டுகளும் போனில்தான் இருந்தார்கள்.

பாதியில் கரண்ட் போயிற்று. செஞ்சி மலைப்பாறை முழுவதும் அனலைக் கக்கிக்கொண்டிருந்த நேரம். யாரோ ஜன்னல்களைத் திறந்துவிட, எங்கிருந்தோ ஒரு காற்று வந்து மேசை மேலிருந்த சீட்டுகளை வாரித் தரையில் போட்டது. ஏஜெண்டுகள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மனோரமாதான் குனிந்து பொறுக்கினாள். முதுகு வலித்தது, எரிச்சலாக வந்தது. பொறுக்கியதை அடுக்கினாள், இருபத்தைந்து எண்ணி ரப்பர் பேண்டு போட்டாள், மேலே தராசு தெரிந்தது, தராசுப் பக்கம் வைத்தாள்.

எண்ணி முடிக்கும்போது கரண்ட் வந்துவிட்டது. துரைராஜுக்கு நூற்றைம்பத்து நான்கு. விக்ரமனுக்கு நூற்று நாற்பத்தொன்பது. செல்லாதவை ஆறு.

"மேடம், இன்னொருக்கா எண்ணிடுங்க" என்றான் விக்ரமன். "அஞ்சு ஓட்டுதான் வித்தியாசம்."

வித்தியாசம் பத்துக்குக் கீழே இருந்து, முடிவை அறிவிப்பதற்கு முன்பு கேட்டால், மறுபடி எண்ண வேண்டும் என்று விதி இருந்தது. காலையில் அதை ஒலிபெருக்கியில் படித்தவளே அவள்தான்.

"மறுபடி எண்ணச் சொல்றது ஓட்டுப் போட்டவனை அசிங்கப்படுத்தறதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு இனித்தது. அதே வேகத்தில் முடிவையும் அறிவித்துவிட்டாள்.

வெளியே பட்டாசு வெடித்தது. துரைராஜ் சந்தன மாலையை அவள் கழுத்தில் போட வந்தார். "எங்க தங்கச்சி நீதி தேவதை. விலைக்கு வாங்க முடியாத ஒரே ஆளு இந்த ஊர்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மண்டப வாசலில் விக்ரமன் தன் ஆட்களைக் கூட்டிவைத்து, "பாத்திரக்கடைலேர்ந்து அவ வீட்டுக்கு இன்னா போச்சுன்னு எனக்குத் தெரியும். எழுதறவ கையிலதான் எல்லாத் திருட்டும் இருக்குது" என்று கத்திக்கொண்டிருந்தான். ஏஜெண்டுகளும் ஆளுக்கொரு பக்கமாகக் கிளம்பிவிட்டார்கள். அவள் மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, சீட்டுகளை உறையில் போட்டு அரக்கு வைக்கத் தனியாக உட்கார்ந்தாள்.

தராசுக் கட்டு ஒன்றில் ரப்பர் பேண்டு அறுந்தது. வேறு போடுவதற்காகச் சீட்டுகளைத் தட்டிச் சேர்த்தாள். நடுவில் ஒரு மணி தெரிந்தது. பிரித்தாள். இன்னொரு மணி. கட்டை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக வைத்தாள். தராசு பதினைந்து, மணி பத்து.

கணக்கு ஒரு நொடியில் புரிந்தது. விக்ரமன் பதினைந்து ஓட்டில் ஜெயித்திருக்கிறான்.

மண்டபத்தில் யாரும் இல்லை. முப்பது நாள் கழித்துச் சீட்டுகளை எரித்துவிடலாம் என்று விதி. அரக்கு உருகிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டுப்புடவைக்காரன் ஜெயிக்க வேண்டுமா என்று அவளுக்குத் தோன்றியது உண்மை. பிறகு, ஓட்டுப் போட்டது புடவை இல்லை, நூற்றைம்பத்தொன்பது பேர் என்றும் தோன்றியது. மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"எல்லாரும் உள்ள வாங்க. முடிவு தப்பு. மறுபடி எண்ணப் போறேன்."

இந்தத் தடவை ஏஜெண்டுகள் போனைப் பையில் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டி எண்ணினாள். தராசு நூற்று நாற்பத்து நான்கு, மணி நூற்றைம்பத்தொன்பது. யாராலும் ஒரு சீட்டிலும் சந்தேகம் சொல்ல முடியவில்லை.

விக்ரமன்தான் முதலில் ஒலிபெருக்கியைப் பிடுங்கினான். "மேடம் மாதிரி நேர்மையானவங்க இருக்கறதாலதான் இந்த ஊர் இன்னும் ஊரா இருக்குது" என்றான். முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் திருட்டு என்று கத்திய அதே தொண்டை, கமறல்கூடத் தெளியவில்லை. அவன் ஆட்கள் கை தட்டினார்கள்.

துரைராஜ் அவள் மேசைக்கு வந்து நின்றார். தங்கச்சி என்பது போய்விட்டிருந்தது. "எவ்ளோ வாங்கின? சொல்லு. நாங்க வெளிய போனதும் பத்துச் சீட்டை மாத்தி வெச்சிருக்க." நாற்காலியில் கிடந்த மாலையை அவரே எடுத்துக்கொண்டார்.

மனோரமா கட்டுகளை உறையில் போட்டாள். அவமானமாக இருந்திருக்க வேண்டும், இல்லை. இவர்களிடம் மானத்தை எதிர்பார்த்தால்தானே அவமானம். புழுக்களைப் பார்ப்பதுபோல இருவரையும் பார்த்தாள்.

அப்போது சுந்தராம்பாள் மேசைக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பூக்கடை வைத்திருப்பவள், காலையில் முதல் ஓட்டுப் போட்டவள். இரண்டு எண்ணிக்கையின்போதும் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதம்மா" என்றாள். "அந்தாளு கேட்டப்பவே ஏன் எண்ணல?"

"அவன் யோக்கியதை உங்களுக்குத் தெரியாதாக்கா? போன தடவை இன்னா பேசினான்?"

"அவன் கிடக்கறான். துரைராஜு அஞ்சு ஓட்டுல தோத்துட்டு வந்து கேட்டிருந்தா எண்ணியிருப்பியா மாட்டியா?"

மனோரமா வாயைத் திறந்தாள். எண்ணியிருப்பாள். அதற்கும் ஒரு குத்தல் பேச்சு பேசியிருப்பாள், ஆனால் எண்ணியிருப்பாள். சுந்தராம்பாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "என் ஓட்டு அந்தக் கட்டுல இருந்திருக்கும், அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

இத்தனை வருஷமாக ஊரை ஏறிட்டுப் பார்க்கத் தேவையில்லாத உயரத்தில் தான் நிற்பதாக அவள் நினைத்திருந்தாள். அந்த மத்தியானம் சிரித்தவர்கள் யாருக்காகச் சிரித்தார்கள், அது தனக்கு ஏன் இனித்தது என்பது இப்போது விளங்கியது. துரைராஜுக்கும் விக்ரமனுக்கும் ஒரு கட்சியாவது இருந்தது. அவளுக்கு அவள் இளக்காரமே கட்சி.

சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தை இழுத்து, பத்திரத்துக்கு எழுதுகிற அதே தெளிவான கையெழுத்தில் எழுதினாள்: "கட்டைச் சரிபார்க்காமல் வைத்த தவறு என்னுடையது. யாரும் சொல்லிச் செய்யவில்லை. திரு. விக்ரமன் விதிப்படி மறு எண்ணிக்கை கேட்டார். அவர் மேலிருந்த வெறுப்பால் நான் மறுத்தேன். இரண்டாம் எண்ணிக்கையே சரியானது." எழுதியதை ஒலிபெருக்கியில் படித்தாள்.

"இதெல்லாம் எதுக்கு மேடம்?" என்று விக்ரமன் காதருகே வந்து சொன்னான். "ஜெயிச்சேன்னு மட்டும் எழுதுங்க போதும். தப்பு கிப்புன்னு போட்டா என் வெற்றிக்குத்தான் கறை."

"மாத்திட்டேன்னு எழுது" என்றார் துரைராஜ். "வெறுப்புன்னு எழுதினா எவன் நம்புவான்?"

உள்ளதை உள்ளபடி எழுதியது அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் உபயோகப்படவில்லை. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை வாட்ஸப்பில் அந்தப் பக்கத்தின் படம் சுற்றியது, இரண்டு விதமாக. துரைராஜ் ஆட்கள் அனுப்பியதில் "தவறு என்னுடையது" என்ற வரையில்தான் இருந்தது. அதிகாரி ஒப்புதல் வாக்குமூலம் என்று மேலே தலைப்பு. விக்ரமன் ஆட்கள் கடைசி வரியை மட்டும் வெட்டி மாலை போட்ட அவன் படத்தோடு சேர்த்திருந்தார்கள். நடுவில் இருந்த வாக்கியங்கள் யார் போனிலும் இல்லை. பதவியேற்புக்கு அவளைக் கூப்பிடவில்லை. துரைராஜ் சொந்தக்காரர்கள் பத்திர வேலைக்கு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள்.

புதன்கிழமை தொண்டூரிலிருந்து ஒரு விவசாயி, மகள் பேருக்குத் தானப்பத்திரம் எழுத வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவளை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானே அந்த ஓட்டு எண்ணின மேடம்? மெய்யாலுமே இன்னா நடந்துச்சு?"

"நீங்க எந்தக் கட்சி?"

அவர் சொன்னார்.

பட்டென்று ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, காற்று வந்ததிலிருந்து ஆரம்பித்து அவரிடம் முழுவதையும் சொன்னாள், தான் வெறுத்ததையும் சேர்த்து. அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் தலையை ஆட்டினார்.

"ஆக, காசு வாங்கலன்னு சொல்றீங்க" என்றார்.

மனோரமா பேனாவை எடுத்தாள். "கிழக்கால எல்லை யாரு நிலம்? சர்வே நம்பர் சொல்லுங்க" என்றாள்.